கீவேர்ட்: தேடலில் இருந்து வாசகரை வரவழைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எழுதுவது சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி. அதனால் கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் செயினையும் டியூபையும் சுற்றியே இருக்கும். உங்கள் பொருள் நட்சத்திரமாகவோ நாணயமாகவோ இருந்தால் அந்த இடத்தில் அதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கீவேர்ட் என்று ஏன் சொல்ல வேண்டும்? தமிழில் சொல் இல்லையா?

இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மூன்றாக: திறவுச்சொல், குறிச்சொல், முதன்மைச்சொல். சிக்கலே அதுதான். குறிச்சொல் என்றால் பாதிப் பேருக்குப் பதிவின் அடியில் போடும் டேக் நினைவுக்கு வருகிறது. திறவுச்சொல் என்றால் சிலர் பாஸ்வேர்டா என்று கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தைத் தேடுகிறவர் பெரும்பாலும் கீவேர்ட் என்றுதான் தட்டுவார்; நானும் அதையே தலைப்பில் வைத்துவிட்டேன். எனக்குப் பிடித்த சொல் திறவுச்சொல்தான். ஆனால் எனக்குப் பிடித்த சொல்லைத் தேடி யாரும் வருவதில்லை. எழுதுகிறவர் மனத்தில் இருக்கும் சொல்லுக்கும் தேடுகிறவர் விரலில் வரும் சொல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கீவேர்ட் வேலை என்று சொல்வதெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிற வேலைதான்.

சரி, கீவேர்ட் என்பது ஒரே ஒரு சொல்லா?

இருக்க வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் ஒருவர் எதைத் தட்டுகிறாரோ, போனிடம் எதைக் கேட்கிறாரோ, அது முழுவதும் கீவேர்ட். 'சைக்கிள்' ஒரு கீவேர்ட். 'சைக்கிள் செயின் அடிக்கடி கழன்று விழுவது ஏன்' என்பதும் ஒரு கீவேர்ட்.

என் கட்டுரையில் இருக்கும் சொற்களைத் தேடுபொறி என்ன செய்கிறது?

தடிமனான புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று, அப்படி ஒன்றைத் தேடுபொறி தான் படித்த இணையப் பக்கங்கள் அனைத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறது. நீங்கள் தேடும்போது அது இணையத்துக்குள் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை, தன் அடைவைத்தான் புரட்டுகிறது. அந்த அடைவில் ஏறாத பக்கம், கீவேர்ட் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வராது. ஆகவே கட்டுரை வரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவதற்கு முன்னால் அது அடைவில் இருக்கிறதா என்று கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பார்த்துவிடுங்கள்.

அடைவில் அகப்பட்ட பக்கங்களை வரிசைப்படுத்துவதில்தான் வித்தை. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. 'எப்படி' என்ற சொல் எங்கும் கிடக்கிறது. 'ஸ்போக்' என்ற சொல் சில இடங்களில்தான் இருக்கிறது. அரிதாக வரும் சொல்லே ஒரு பக்கத்தை நன்றாக அடையாளம் காட்டும் என்பதை பிரிட்டனைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கணக்காக்கிக் காட்டினார். தேடல் நுட்பத்தின் அடித்தளக் கற்களில் அது ஒன்று. பிறகு 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது, இணைப்புக் கொடுக்கிறவரின் மதிப்பு என்ன என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று இவற்றோடு இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன.

எழுதுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பொதுவான சொல்லை விட்டுக் குறிப்பான சொல்லுக்கு வர வேண்டும். 'சக்கரத்தில் ஏதாவது பாகம் உடைந்துவிட்டால்' என்று நான் எழுதியிருந்த பத்தி யாருக்கும் அகப்படவில்லை. 'பின்சக்கரத்தில் ஸ்போக் உடைந்தால்' என்று மாற்றினேன். படிக்கிறவருக்கும் அதுதானே தெளிவு?

ஒரு கீவேர்டை எத்தனை தடவை எழுத வேண்டும்? மொத்தச் சொற்களில் இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று சொல்கிறார்களே?

அந்தச் சதவீதக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள்.

ஏன் என்று எண்ணிலேயே காட்டலாம். தேடல் துறையில் பிஎம்25 என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. லண்டனில் உள்ள சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய சகாக்களும் 1990களில் உருவாக்கியது. இன்றும் எத்தனையோ தேடல் மென்பொருள்களுக்குள் இதுதான் ஓடுகிறது. கூகுளின் இன்றைய கணக்கு மூடிய பெட்டி, அது இதுவேதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் தேடுபொறி அதை எப்படி மதிக்கும் என்று புரிந்துகொள்ள இது போதும். வழக்கமான அமைப்பில், பக்கத்தின் நீளத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு சொல் 1 தடவை வருவதற்கு 1 மதிப்பெண். 2 தடவை வந்தால் 1.38. 10 தடவை வந்தால் 1.96. 100 தடவை வந்தால் 2.17. ஆயிரம் தடவை எழுதினாலும் 2.2ஐத் தாண்டவே தாண்டாது. ஆக, பத்தில் இருந்து நூறுக்குப் போக நீங்கள் படும் பாட்டுக்குக் கூலி 0.21. அதற்குள் படிக்கிறவர் எழுந்து போயிருப்பார்.

1990களில் இதெல்லாம் செல்லுபடியானது உண்மை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு கீவேர்டை ஒளித்து வைப்பார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். இப்படிக் குவிப்பதற்கு இன்று கீவேர்ட் திணிப்பு என்று பெயர். திணிப்பதும் ஒளிப்பதும் கூகுளின் ஸ்பாம் விதிகளில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்ற மாற்றம் சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது, 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் ஏமாற்று வேலைகளைக் குறிவைத்தது. அன்றைக்குச் சரிந்த தளங்களில் சில பிறகு எழுந்திருக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் வாய்தான். எழுதியதை உரக்கப் படியுங்கள். பேச்சில் 'அதை', 'இது' என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் கீவேர்ட் உட்கார்ந்திருந்தால் காதிலேயே தட்டும்.

மெட்டா கீவேர்ட்ஸ் டேக் நிரப்ப வேண்டுமா?

பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், கீவேர்டுகளைப் பட்டியலிடும் இடம் அது. வேண்டாம். வரிசைப்படுத்துவதற்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதை நிரப்பச் சொல்லும் பாடம் ஏதாவது கண்ணில் பட்டால், அந்தப் பாடத்தின் மற்ற பகுதிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

நல்ல கீவேர்ட் எங்கே கிடைக்கும்?

முதலில் காதில். சைக்கிள் தெரிந்தவன் என்பதால் என்னிடம் ஆட்கள் கேட்பார்கள். ஒருவர்கூட 'பாட்டம் பிராக்கெட் தேய்ந்துவிட்டது, என்ன செய்ய?' என்று கேட்டதில்லை. 'பெடல் மிதிக்கும்போது கடக் கடக்கென்று சத்தம் வருகிறது' என்றுதான் கேட்பார்கள். தெரிந்தவர் நோயின் பெயரைச் சொல்லி எழுதுகிறார், தெரியாதவர் அறிகுறியைச் சொல்லித் தேடுகிறார். பாட்டம் பிராக்கெட் என்ற பெயர் தெரிந்தவருக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரியும். உங்கள் கட்டுரை அவருக்கு அவ்வளவாகத் தேவையில்லை. சத்தம் மட்டும் கேட்கிறவருக்குத்தான் தேவை. ஆகவே அறிகுறியைத் தலைப்பில் வையுங்கள், நோயின் பெயரை உள்ளே சொல்லிக்கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்குத் தந்த வாசகர்களை வேறெந்தக் கருவியும் தந்ததில்லை.

அடுத்தது தேடல் பெட்டியே. நாம் தட்டத் தட்டக் கீழே இறங்கும் பரிந்துரைகளை கூகுள் 2004இல் சோதனையாகத் தொடங்கி 2008இல் எல்லாருக்கும் கொண்டுவந்தது. அவை பெரும்பாலும் மனிதர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருகின்றன. 'சைக்கிள் செயின்' என்று தட்டி நிறுத்துங்கள், வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு இடைவெளி விட்டு 'ஏன்', 'எப்போது', 'இல்லாமல்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். 'இல்லாமல்' எனக்குப் பிடித்தது. 'டூல் இல்லாமல்', 'பம்ப் இல்லாமல்' என்று வருகிறவர்கள் அவசரத்தில் நடுவழியில் நிற்கிறவர்கள், அவர்களுக்கு எழுதுவதில் ஒரு திருப்தி இருக்கிறது. இதையெல்லாம் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே உங்களுக்குத் திரும்ப வரும்.

மூன்றாவது சர்ச் கன்சோல். அதைப் பற்றித் தனியாகக் கீழே.

கூகுளின் கீவேர்ட் பிளானர் விளம்பரதாரர்களுக்காகச் செய்யப்பட்டது. இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் விளம்பரத்துக்குச் செலவழிக்காதவருக்கு 100 முதல் 1,000 வரை என்பது போன்ற பரந்த எண்ணிக்கைதான் காட்டும். கூகுளின் இன்னொரு கருவியான டிரெண்ட்ஸ் எண்ணிக்கையே காட்டாது. ஒரு சொல் உச்சத்தில் இருந்த காலத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடும். இரண்டு சொல்லில் எது புழக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு டிரெண்ட்ஸ் அருமையானது, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட உதவாது.

காசு கொடுத்து வாங்கும் கருவிகள் தேவையா?

தொடக்கத்தில் தேவையில்லை. அவை காட்டும் எண்ணிக்கைகளும் மதிப்பீடுகள்தான். தமிழ்ச் சொற்களுக்கு அவற்றிடம் தரவு மிகக் குறைவு.

நான் எழுத நினைத்த கீவேர்டுக்குக் கருவி 0 காட்டுகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் கண்டிராதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. முந்தாநாள்வரை இல்லாத கேள்விக்கு எந்தக் கருவி எண்ணிக்கை காட்டும்? கருவி 0 என்பது யாரும் தேடவில்லை என்ற பொருளில் அல்ல, தன் கையில் கணக்கு இல்லை என்ற பொருளில்தான். ஒரு கேள்வியை உங்களிடம் நேரில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கள்.

சின்னச் சொல்லா, நீண்ட தொடரா? எதைக் குறிவைப்பது?

புதிதாகத் தொடங்கியவர் என்றால் நீண்ட தொடர். 'சைக்கிள்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு முன்வரிசையில் தயாரிப்பாளர்களும் கலைக்களஞ்சியமும் பெரிய கடைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே உங்களுக்கு நிற்கக்கூட இடம் இல்லை. அப்படியே இடம் கிடைத்தாலும், அந்தச் சொல்லைத் தட்டியவருக்கு வாங்க வேண்டுமா, படம் வேண்டுமா, வரலாறு வேண்டுமா என்று யாருக்குத் தெரியும்? 'மழையில் நனைந்த சைக்கிள் செயின் துரு எடுப்பது' என்று தட்டியவருக்கு என்ன வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இப்படிப்பட்ட தொடர்களைத் தேடுகிறவர்கள் சொற்பம். எல்லாவற்றையும் கூட்டினால் பெருங்கூட்டம். இந்த நீண்ட வாலுக்கு லாங் டெயில் என்று பெயர் வைத்து கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் எழுதியது வியாபாரத்தைப் பற்றி. தேடலுக்கும் அது அப்படியே பொருந்திவிட்டது.

'தேடுபவரின் நோக்கம்' என்கிறார்களே, அது என்ன?

ஆண்ட்ரே பிராடர் என்ற கணினி அறிவியலாளர் 2002இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஏற்கெனவே தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, வாங்குவது அல்லது தரவிறக்குவது போன்ற ஒரு செயலைச் செய்யத் தேடுவது. இன்றுவரை எல்லாரும் இந்தப் பிரிவினையின் மேல்தான் ஏதாவது சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுதுவதற்கு முன் அந்தக் கீவேர்டை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். முதல் பக்கம் முழுக்க விற்பனைத் தளங்கள் என்றால் தேடுகிறவர் வாங்க வந்திருக்கிறார், உங்கள் நீண்ட விளக்கம் அங்கே எடுபடாது. முழுக்க காணொளிகள் என்றால் கையால் செய்து காட்டுவதைப் பார்க்க விரும்புகிறார். டியூப் மாற்றுவது பற்றி மூவாயிரம் சொல்லில் நான் எழுதியதை யாரும் சீண்டவில்லை. தேடிப் பார்த்தால் எல்லாம் காணொளி. படிப்படியான புகைப்படங்களாக மாற்றி, சொற்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த பிறகுதான் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

தமிழில் எழுதுகிறேன். ஒரே பொருளுக்கு இத்தனை வடிவங்கள் இருக்கின்றனவே, எதைப் பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த எஸ்இஓ (தேடலில் மேலே வரவைக்கும் வேலை) பாடத்திலும் இதற்கு விடை கிடையாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிக்கல் வேற்றுமை உருபு. சைக்கிள், சைக்கிளை, சைக்கிளில், சைக்கிளுக்கு, சைக்கிளின், சைக்கிளோடு என்று ஒரு சொல் விரிந்துகொண்டே போகும். எல்லா வடிவத்தையும் வலிந்து நுழைக்க வேண்டாம். ஒழுங்காகத் தமிழ் எழுதினாலே பாதி வடிவங்கள் தானாக வந்துவிடும். தலைப்பில் மட்டும் உருபு ஏறாத சொல்லை ஒருமுறை வையுங்கள், ஏனென்றால் தேடுகிறவர் பெரும்பாலும் உருபை விட்டுவிட்டுத்தான் தட்டுகிறார்: 'சைக்கிள் செயின் துரு'. அதற்காக உருபுகள் வீண் என்று நினைக்க வேண்டாம். 2019இல் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தது, அதே ஆண்டு டிசம்பரில் 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. 'இருந்து', 'இல்லாமல்' போன்ற சிறு சொற்கள் பொருளை எப்படித் திருப்புகின்றன என்பதைப் பிடிப்பதுதான் அதன் வேலை. போனிலிருந்து கேமராவுக்குப் படம் அனுப்புவதும் கேமராவிலிருந்து போனுக்கு அனுப்புவதும் இன்று அதற்கு ஒன்றல்ல.

இரண்டாவது, மிதிவண்டியா சைக்கிளா? கணினியா கம்ப்யூட்டரா? இதில் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நான் தலைப்பில் புழக்கச் சொல்லையும் உள்ளே தமிழ்ச் சொல்லையும் மாற்றி மாற்றி எழுதுகிறேன். எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்பதை ஊகிக்காதீர்கள், டிரெண்ட்ஸில் இரண்டையும் அருகருகே போட்டுப் பாருங்கள். கலைச்சொல்தான் வெல்லும் துறைகளும் இருக்கின்றன, பாடநூல் சார்ந்தவற்றில் குறிப்பாக. மாணவர் 'ஒளிச்சேர்க்கை' என்றுதான் தேடுவார்.

மூன்றாவது எழுத்துப்பெயர்ப்பு. பஞ்சர், பங்சர், பன்ச்சர், டியூப், ட்யூப். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். பரவலான சொற்களின் எழுத்து வேறுபாட்டைத் தேடுபொறி ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. எல்லா வடிவங்களையும் அடியில் கொட்டிக் குவித்து வைப்பது பழைய வெள்ளை எழுத்து வித்தையின் தம்பிதான்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. 'கௌரவம்' என்பதையும் 'கெளரவம்' என்பதையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது எகரக் குறியும் ளகர எழுத்தும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். 'பௌர்ணமி' என்று நினைத்து 'பெளர்ணமி' என்று தட்டி வைத்திருக்கிற பக்கங்கள் இணையத்தில் நிறைய. உங்கள் பக்கத்தைத் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியில் அந்தச் சொல்லைச் சரியாகத் தட்டிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் பிழை உங்களிடம் இருக்கிறது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முன்பு, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலும் வேறு எழுத்துருக்களிலும் எழுதிய பழைய பக்கங்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றினால் ஒழிய யூனிகோடில் தட்டுகிறவர் கையில் அவை சிக்காது.

ஐந்தாவது, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். மிகப் பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். அதற்காகக் கட்டுரையை ஆங்கில எழுத்தில் எழுத முடியாது, எழுதினால் படிக்கவும் முடியாது. அவர்களுக்காக நான் செய்வது ஒன்றே ஒன்று, பக்கத்தின் முகவரியான யூஆர்எல்லை அந்த எழுத்தில் வைக்கிறேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, அடுத்த கேள்வியில் வருகிறது.

பேச்சு வழக்கையும் கொஞ்சம் உள்ளே விடுங்கள். போனிடம் பேசித் தேடுகிறவர் 'செயின் கழண்டு போச்சு, என்ன பண்றது' என்று கேட்கிறார். எழுத்து நடையைக் கெடுத்துக்கொள்ளாமல் இதைச் சேர்க்க ஒரு வழி, வாசகர் கேட்டது போலவே கேள்வியை மேற்கோளாகப் போட்டுப் பதிலை உங்கள் நடையில் எழுதுவது.

கீவேர்டை எந்தெந்த இடத்தில் வைக்க வேண்டும்?

தலைப்பு, முதல் பத்தி, பொருந்தினால் ஒரு துணைத்தலைப்பு. மற்றவை தானாக அமையும்.

தலைப்பின் முன்பாதியில் வையுங்கள். தேடல் பக்கத்தில் இடம் போதாவிட்டால் பின்பாதிதான் வெட்டுப்படும். 'ஒரு மழைநாளின் நினைவுகள்: செயின் துரு எடுப்பது' என்பதைத் திருப்பிப் போடுங்கள். தலைப்பு பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் கூகுள் தானே வேறு தலைப்பைக் காட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யூஆர்எல்லில் தமிழ் வைக்கலாம், தேடுபொறிக்கு அதனால் கேடில்லை. ஆனால் அதைப் பிரதி எடுத்து ஒருவருக்கு அனுப்பும்போது பல இடங்களில் சதவீதக் குறிகளாகச் சிதறிவிடும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும். 'சதுரங்கம்' என்பதில் 9 குறியீடுகள், ஆக அந்த ஒரு சொல்லே 81 எழுத்தாகிவிடும். பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து தொடாமலே போவார்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தைச் சொற்களில் சொல்லும் குறிப்பு, எழுதுங்கள். அது முதலில் பார்வையற்ற வாசகருக்காக, அடுத்ததாகத்தான் தேடலுக்காக. 'பின்சக்கரத்தில் உடைந்த ஸ்போக்கைச் சுட்டும் விரல்' என்று இருப்பதைச் சொன்னால் போதும், கீவேர்டும் உள்ளே வந்துவிடுகிறது.

உங்கள் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்கும்போது 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். இணைப்பின் சொற்களை வைத்தும் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறி ஊகிக்கிறது.

மெட்டா விவரத்தில் (பக்கத்தைப் பற்றி நாம் எழுதிவைக்கும் சுருக்கம்) கீவேர்ட் வைத்தால் மேலே வருமா?

வராது. வரிசையில் அதற்குப் பங்கில்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே அந்த வரிகள் தெரிய வாய்ப்பு இருப்பதால், சொடுக்குவதா வேண்டாமா என்று வாசகர் முடிவெடுக்க அது உதவும்.

ஒரே கீவேர்டுக்கு இரண்டு மூன்று கட்டுரை எழுதினால் வாய்ப்புக் கூடுமா?

குறையும். எதைக் காட்டுவது என்று தேடுபொறி தடுமாறும், வரும் இணைப்புகளும் பிரிந்து போகும். செயின் சுத்தம் செய்வது பற்றி நானே அறியாமல் நான்கு கட்டுரை எழுதியிருந்தேன், ஆண்டுக்கு ஒன்று என்று. நான்கையும் ஒன்றாக்கி, பழைய முகவரிகளுக்கு வருகிறவர் தானாகவே அதற்குப் போகும்படி 301 ரீடைரக்ட் செய்துவிட்டேன்.

இன்று எல்லாரும் பேசும் ஒரு பெயரைத் தலைப்பில் போட்டு ஆட்களை இழுக்கலாமா?

இழுக்கலாம். வந்தவர் தலைப்புக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பில்லை என்று கண்டு நொடியில் திரும்பிப் போவார், அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போவார். அந்தக் கூட்டம் எதற்கு?

எழுதி எத்தனை நாளில் ஆட்கள் வருவார்கள்?

அடைவில் ஏறச் சில மணி நேரமும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். போட்டி இல்லாத நீண்ட தொடர் என்றால் அதற்குப் பிறகு விரைவிலேயே ஆள் வரும். மற்றவற்றுக்குப் பல மாதம். முதல் வாரத்தில் தினமும் பத்துத் தடவை எண்ணிக்கை பார்ப்பதை நிறுத்தினால் அந்த நேரத்தில் இன்னொரு கட்டுரை எழுதிவிடலாம். நான் நிறுத்த இரண்டு ஆண்டு ஆயிற்று.

சர்ச் கன்சோலில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதை கூகுள் அங்கே இலவசமாகத் தருகிறது, கடந்த 16 மாதத்துக்கு. மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும், எனவே கூட்டுத்தொகை இடிக்கும், கவலை வேண்டாம்.

நிறையத் தடவை காட்டப்பட்டு, மிகக் கொஞ்சம் பேரே சொடுக்கிய, சராசரி இடம் 8க்கும் 20க்கும் இடையே இருக்கும் தேடல்களைத் தேடிப் பிடியுங்கள். தேடுபொறி உங்களைப் பொருத்தம் என்று நினைத்துவிட்டது, ஆனால் முன்வரிசையில் உட்கார வைக்கத் தயங்குகிறது. கியர் சரிசெய்வது பற்றி நான் எழுதிய கட்டுரை 'கியர் மாற்றினால் செயின் தாவுகிறது' என்ற தேடலுக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு வந்தது. கட்டுரையில் 'தாவு' என்ற சொல்லே இல்லை, நான் 'நழுவுதல்' என்று எழுதியிருந்தேன். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இரண்டு பத்தி சேர்த்தேன்: கேபிள் தளர்ந்திருந்தால் எப்படித் தாவும், பல்சக்கரம் தேய்ந்திருந்தால் எப்படித் தாவும், இரண்டையும் வேறுபடுத்துவது எப்படி என்று. புதுக் கட்டுரை எழுதும் வேலையில் கால்வாசிதான். வெறுமனே அந்தச் சொல்லைச் செருகியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஏஐ பதில்கள் மேலேயே வந்துவிடுகின்றன. இனிமேல் கீவேர்டுக்கு என்ன வேலை?

'கிராங்க் என்றால் என்ன' என்பது போன்ற கேள்விகளுக்கு வாசகர் இனி உங்களிடம் வருவது குறையும். 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் ஏஐ ஓவர்வியூ என்ற சுருக்கத்தைத் தேடல் முடிவுகளின் தலையில் வைக்கத் தொடங்கியது, பிறகு மற்ற நாடுகளுக்கும் வந்தது. இரண்டு வரியில் முடியும் விடை அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கட்டுரைகளை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது அடிதான், பூசி மெழுக ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சுருக்கமும் வலைப் பக்கங்களைத் தேடி எடுத்துத்தான் தன் விடையைக் கட்டுகிறது, அங்கேயும் சொல் பொருந்த வேண்டும். 'இருபது வருடப் பழைய சைக்கிளுக்குப் புது செயின் போட்டேன், இன்னும் தாவுகிறது' என்கிறவருக்குச் சுருக்கம் போதாது. அவர் படம் பார்ப்பார், தன்னைப் போல மாட்டிக்கொண்டவர் என்ன செய்தார் என்று படிப்பார். நான் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

கீவேர்ட் பார்த்துப் பார்த்து எழுதினால் நடை செத்துவிடாதா?

எல்லாவற்றையும் அப்படி எழுதினால் செத்துவிடும். பழுதுபார்ப்புக் குறிப்பு எழுதும்போது கீவேர்ட் பார்க்கிறேன், ஏனென்றால் அதைப் படிக்க வருகிறவர் கையில் கிரீஸோடு நிற்கிறார். என் விருப்பத்துக்கு எழுதும்போது பார்ப்பதில்லை. இரவில் தனியாகச் சைக்கிள் ஓட்டுவது பற்றி ஒருமுறை எழுதினேன். எந்தச் சொல்லையும் யோசிக்காமல், தலைப்பில் சைக்கிள் என்றுகூட இல்லாமல். நண்பர்கள் படித்தார்கள், போதும் என்று விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து சர்ச் கன்சோலைப் பார்த்தால் அதற்கும் தேடலில் இருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். தட்டியது: 'சைக்கிள் டைனமோ லைட் எரியவில்லை'. நடுவில் ஓரிடத்தில் என் விளக்கு அணைந்துபோனதைச் சொல்லியிருந்தேன், அதுதான் அவர்களை இழுத்துவந்திருக்கிறது. பாவம், விளக்கைச் சரிசெய்ய வந்தவர்களுக்கு நான் நிலவைக் காட்டியிருக்கிறேன். டைனமோ பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி, அந்த வரியிலிருந்து அதற்கு ஓர் இணைப்புக் கொடுத்துவிட்டேன். நிலவை எடுக்கவில்லை.